செம்பனைக்கு நடுவே ஒரு கணினிக் கொல்லை

ராசா என்ற ஊர்ப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ரயில் நிலையமும் சுத்தமாக இருந்தது. பெட்டியை இறக்கி வைத்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதிரே தெரிந்த மலைகளை ரசித்தபடி நடைமேடையில் நின்றேன். மலையைப் பார்த்த உடனேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் போக வேண்டிய கோல சிலாங்கூர் கடலோர ஊர்.

தவறு முழுக்க என்னுடையது. வரைபடத்தில் ராசா என்ற ஊர் உலு சிலாங்கூர் மாவட்டத்தில் இருந்தது. சிலாங்கூர் என்றுதானே போட்டிருக்கிறது, அந்தப் பக்கம் இறங்கி ஒரு வண்டி பிடித்தால் போயிற்று என்று நானே முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. திருச்சியில் இத்தனை வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வழி கேட்கிற பழக்கம் விட்டுப்போய்விடுகிறது.

நிலையத்துக்கு வெளியே ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடை. கல்லாவில் இருந்த பெரிய மீசைக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு, சமையற்கட்டில் இருந்தவர்களையும் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்ல வைத்தார். பிறகு ஆற அமரச் சிரித்தார்.

"அக்கா, நீங்க போவ வேண்டியது கடல் பக்கம் லா. இது மலை பக்கம். சிலாங்கூருன்னு பேரு இருந்தா எல்லாம் ஒரே எடமா? ஒக்காருங்க, மொதல்ல ஒரு தே தாரே குடிங்க."

தே தாரே என்பது நம் டீதான். ஆற்றுகிற வித்தையில் எங்கள் ஊர் டீ மாஸ்டர் எவருக்கும் இவர்கள் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் பாலுக்குப் பதில் டப்பாவிலிருந்து கெட்டிப்பாலைத் தாராளமாகக் கவிழ்க்கிறார்கள். பாதி தம்ளரிலேயே எனக்குத் திகட்டிவிட்டது. மீசைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்ததால் மீதியையும் குடித்தேன்.

போனில் சொன்னதும், என்னை அழைத்துப் போக சாந்தி வந்து சேர்ந்தார். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கணக்கு ஆசிரியை. வீடு ராசாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத ரவாங்கில். சில மாதங்களாகக் கணினித் திரையில் மட்டுமே பார்த்துப் பேசிய முகம். திரையில் உயரமாகத் தெரிந்தவர், நேரில் என் தோள்வரைதான் வந்தார்.

"அக்கா, ராசாவுக்கு ஏன் வந்தீங்க? யாரும் ராசாவுக்கு வர மாட்டாங்களே" என்றார், என் பெட்டியைத் தூக்கிக்கொண்டே. மீசைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது.

நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தியது ஒரு விளையாட்டு. என் தங்கை மகன் கார்த்தி நிரல் எழுதினான், நான் கணக்குகளை உள்ளே வைத்தேன். கணினிக்குள் ஓர் ஊர். அதில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கொல்லை, வரப்பில் அவரவர் பெயர்ப்பலகை. செடி நடலாம், வேலி போடலாம். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் குளத்து மதகைத் திறக்க வேண்டும்; மதகு திறக்க வேண்டுமென்றால் ஒரு கணக்கைச் சரியாகப் போட வேண்டும். பின்னம், பரப்பளவு, விகிதம், எது வேண்டுமானாலும் வரும். சில நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் இலை மஞ்சளாகும், பிறகு கொல்லை செத்துவிடும். ஸ்ரீரங்கத்தில் என் வகுப்பில் கணக்கைக் கண்டால் வயிற்றுவலி வருகிற பையன்கள் மதகைத் திறக்க வரிசையில் நின்றார்கள். அதனால் எனக்கு இந்த விளையாட்டின் மேல் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. இப்போதும் கிடையாது.

சாந்தியின் பள்ளியில்தான் சிக்கல். கணினி அறையை மதிய நேரத்தில் விளையாட்டு வகுப்புக்குக் கொடுத்தது பெற்றோர் பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் பரீட்சைக்குப் பயிற்சித் தாள் எழுத வைக்கலாமே என்று கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். அறை யாருக்கு என்று அங்கே கை தூக்கி முடிவெடுப்பார்கள். என்னை வரச் சொன்னதே அதற்காகத்தான்.

"தோத்துட்டா?" என்று காரில் கேட்டேன்.

"தோத்துட்டா வகுப்பு இல்ல. பிள்ளைங்ககிட்ட நான் என்னா சொல்றதுன்னு தெரியல" என்றார். சாலையின் இரண்டு பக்கமும் பாமாயில் எடுக்கிற செம்பனை மரங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. நம் ஊர்ப் பனை மாதிரி தனித்தனியாக நிமிர்ந்து நிற்காமல், குட்டையாக, அடர்த்தியாக, வெயிலே கீழே இறங்காதபடி நின்றன.

மறுநாள் காலை ரொட்டி சானாய். பரோட்டாவின் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். சால்னாவுக்குப் பதில் பருப்புக் கறி. இரண்டு தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். செம்பனைக்கு நடுவே சின்னப் பள்ளி. வாசலில் பிள்ளையார், கொடிக்கம்பம், பக்கத்திலேயே பூப்பந்து மைதானம். கணினி அறைக்கு வெளியே காலணிகள் ஒரே நேர்க்கோட்டில் அடுக்கியிருந்தன. என் பள்ளியில் காலணியைத் தேடுவதற்கே தனியாக ஒரு பிரிவேளை வேண்டும்.

பிள்ளைகள் எழுந்து நின்று ராகமாக வணக்கம் சொன்னார்கள். சொல்லி முடித்த கையோடு ஒரு குறையும் சொன்னார்கள். சொன்னவள் லோகா, இரட்டைச் சடை போட்ட வாயாடி.

"டீச்சர், உங்க கேம்ல முருங்க இருக்கு, கத்திரி இருக்கு, வெண்டி இருக்கு. செம்பனை எங்க டீச்சர்?"

நான் செம்பனையைப் பார்த்ததே நேற்றுத்தான் என்றேன். வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஊருக்குப் போனதும் சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: இங்கே தோட்டம் என்றால் அவர்கள் குடியிருக்கிற எஸ்டேட். விளையாட்டில் இருப்பதைக் கொல்லை என்றே சொன்னார்கள்.

"உங்க கொல்ல எங்க டீச்சர்?" என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்கு ஏது கொல்லை? நான் மேற்பார்வை பார்ப்பவள். அதெல்லாம் ஆகாது என்று சொல்லி, மூலையில் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினார்கள். நான் கணினி முன்னால் உட்கார்ந்து, என் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். வகுப்பு முழுக்க என் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஒரு முருங்கை நட்டேன். கைதட்டினார்கள்.

அந்தச் சூட்டோடு கடவுச்சொல் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன். அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது, உயிர்த் தோழியிடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் உங்கள் கொல்லை உங்களுடையது இல்லை என்றேன். "சரிங்க டீச்சர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை ஒழுங்காக ஒரு வகுப்பு தலையாட்டினால் ஏதோ இருக்கிறது என்று தெரியாத டீச்சரா நான்? அன்றைக்கு ஏனோ தெரியவில்லை.

பிறகு ஊரைச் சுற்றிப் பார்த்தேன், அதாவது திரையில். எல்லாக் கொல்லையும் நன்றாகவே இருந்தது. ஒன்று மட்டும் காடாகச் செழித்திருந்தது. வாழைக்கு நடுவே வெண்டை, வெண்டைக்கு நடுவே கத்தரி, கால் வைக்க இடமில்லை. பலகையில் தர்ஷினி என்றிருந்தது.

"யாருடா இந்தத் தர்ஷினி?"

"வரல டீச்சர்" என்றாள் லோகா, திரையைப் பார்த்தபடியே. அன்றைக்கு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். பெட்டிக்குள் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வைத்திருந்தேன், மிகச் சிறந்த கொல்லைக்குப் பரிசாக. அது யாருக்கு என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். சாந்திக்கும் சொல்லவில்லை. கூட்டத்தில் அறிவித்து எல்லோரையும் அசத்த வேண்டும் என்ற ஆசை.

வெள்ளிக்கிழமை ஒரு வேலை வந்தது. பள்ளியின் ஒளிவீச்சுக் கருவி கெட்டுப்போயிருந்தது. சனிக்கிழமை பெரிய திரையில் காட்டாவிட்டால் என் வித்தை பாதிதான். சுங்கை பெசாரில் சாந்தியின் தோழி ஒருவரிடம் ஒன்று இருந்தது. பள்ளி முடிந்ததும் வாங்கி வரக் கிளம்பினோம்.

தஞ்சோங் காராங் தாண்டியதும் செம்பனை மறைந்து வயல் விரிந்தது. எனக்கு அப்படியே லால்குடிப் பக்கம் வந்துவிட்டது போல இருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம். வாய்க்கால்கள் கோடு போட்டு வரைந்தது போல நேராக ஓடுகின்றன, மதகுகளுக்கு வண்ணம் பூசியிருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. கடைசியில் சொன்னதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

திரும்பும்போது வாய்க்கால் கரைச் சாலையில் ஓர் அறுவடை இயந்திரம் குறுக்கே நின்றுவிட்டது. சங்கிலி கழன்றிருந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் லாரிகள். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் ஹாரன் சத்தத்தில் காது கிழிந்திருக்கும். இங்கே எல்லோரும் இறங்கி, பக்கத்திலிருந்த மலாய்க்காரப் பெண்மணியின் கடையில் வாழைப்பழப் பஜ்ஜி வாங்கித் தின்றார்கள். நாங்களும் வாங்கினோம். மாவு மெல்லிசு, பழம் தித்திப்பு. எங்கள் வாழைக்காய் பஜ்ஜிக்கு நான் விசுவாசமானவள், ஆனாலும் மூன்று தின்றேன்.

அந்தப் பெண்மணி காருக்குள் இருந்த கருவியைப் பார்த்து மலாயில் ஏதோ கேட்டார். சாந்தி பதில் சொன்னார். அவர் வாய்விட்டுச் சிரித்து, நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்?"

"தன் மகன் நாள் பூரா போன்ல கேம்தானாம். இதுக்கு ஒரு பள்ளிக்கூடமும் வச்சு, வெளிநாட்டுலேருந்து ஒரு டீச்சரும் வரணுமான்னு கேக்குறாங்க."

நான் நான்காவது பஜ்ஜியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் தரையில் பிள்ளைகள், பின்னால் நாற்காலிகளில் பெற்றோர், ஓரமாக மேசையில் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸும் கேசரியும் கறிபாப் என்கிற பஃப்ஸும். சங்கத் தலைவர் மணியம் லாரி ஓட்டுகிறவர், நிதானமான மனிதர்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நீங்க அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. ஆனா வீட்டுலயும் கேம்மு, பள்ளியிலயும் கேம்முன்னா பிள்ளைங்க எப்பதான் படிக்கிறது?"

பின்னால் கைதட்டல். நான் இதற்காகத்தானே வந்தேன்! பெரிய திரையில் ஊரைத் திறந்து காட்டினேன். குளம், மதகு, கணக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். மணியத்தையே அழைத்து ஒரு மதகைத் திறக்கச் சொன்னேன். பின்னக் கணக்கு வந்தது. இரண்டு முறை தப்பாகப் போட்டார். மூன்றாவது முறை தண்ணீர் பாய்ந்ததும் அவரே கைதட்டிக்கொண்டார். மண்டபம் சிரித்தது. காற்று என் பக்கம் திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் பொம்மையைக் கையில் எடுத்தேன். "இந்த ஊரிலேயே செழிப்பான கொல்லை எது தெரியுமா? ஒரு நாள்கூட விடாமல் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறாள் இந்தப் பெண்" என்று திரையில் அந்தக் காட்டைப் பெரிதாக்கினேன். பின்னால் நின்ற சாந்தி இரண்டு கையையும் ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று எண்ணி இன்னும் சத்தமாகச் சொன்னேன். "தர்ஷினி! மேடைக்கு வாம்மா!"

யாரும் வரவில்லை. நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தார். தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார்.

"டீச்சர், நான் புஷ்பா. தர்ஷினி அம்மா. எம்மவ ரெண்டு வாரமா பள்ளிக்கே வரல. டெங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரில கையில ஊசியோட படுத்திருந்தா. நேத்துதான் வீட்டுக்கு வந்தா." திரையைக் காட்டினார். "அவ எப்புடி ஒரு நாள் விடாம கணக்கு போட்டா?"

பொய்க் கணக்கு காட்டுகிற விளையாட்டு என்று முத்திரை குத்திவிடுவார்கள், அறை போயிற்று, சாந்தியின் உழைப்பும் போயிற்று, அதுவும் என் வாயால் போயிற்று என்று தோன்றியது. அழுகை வரும் போல இருந்தது. மணியம் நெற்றியைத் தடவிக்கொண்டார். பின்னால் யாரோ, "ஏமாத்து வேல லா இது" என்றார்கள்.

லோகா எழுந்து நின்றாள்.

"நாங்கதான் ஆண்ட்டி ஊத்துனோம்."

"நாங்கன்னா யாரு?"

முன் வரிசை முழுக்கக் கை உயர்ந்தது.

"அவ பேர்ல உள்ள போனா தப்புன்னு டீச்சர் சொல்லலயா?"

"சொன்னாங்க ஆண்ட்டி. ஆனா அதுக்கு முன்னாடியே ஊத்த ஆரம்பிச்சிட்டோம். எல்லாருக்கும் எல்லார் பாஸ்வேர்டும் தெரியும்." லோகா என் பக்கம் பார்க்கவேயில்லை. "தண்ணி ஊத்தலன்னா கொல்ல செத்துடும். அவ வந்து பாத்தா அழுவா. அதான் ஆளுக்கொரு நாள் மொற வச்சோம்."

"கணக்கு?"

"அதையும் நாங்கதான் போட்டோம். தப்பா போட்டா தண்ணி வராது. திரும்பப் போடணும்."

"அப்ப உங்க உங்க கொல்லைக்கு?"

"அதுக்குத் தனியா போட்டோம் ஆண்ட்டி."

மண்டபத்தில் வயதான பெண்கள் இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் கோபம் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. ஏன் என்று புரியவில்லை.

புஷ்பா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், உங்களுக்குத் தெரியாது. நாங்க தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்ப இங்கெல்லாம் ரப்பர். ஆளுக்கொரு நெரை, அந்த வரிசை மரமெல்லாம் அவங்க வெட்டிப் பால் எடுக்கணும். எங்கம்மா கால் ஒடிஞ்சு கெடந்தாங்க. பக்கத்து நெரைக்காரவங்க தங்களோட மரத்தையும் வெட்டிட்டு, அம்மா மரத்தையும் வெட்டுனாங்க. பால அம்மா பேர்லயே கொண்டுபோய் ஊத்துனாங்க. வேல வாங்குற மண்டோருக்குத் தெரியும். கணக்கெழுதுற கிராணிக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்கல." சீருடைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுங்களுக்கு நாங்க யாரும் இதச் சொல்லிக் குடுக்கல டீச்சர். ரப்பர் மரத்தயே இதுங்க பாத்ததில்ல."

நான் மேடையில் பொம்மையைப் பிடித்தபடி நின்றேன். யார் முந்துகிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் கொல்லைக்குக் கொல்லை வேலி போட்டு, பெயர்ப்பலகை வைத்து, பூட்டும் போட்டேன். பிள்ளைகள் என் விளையாட்டை என்னைவிட நன்றாக விளையாடியிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த இருபது முப்பது பிள்ளைகளையும் அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மணியம் தொண்டையைச் செருமினார். "அப்ப இதுங்க அவங்களுக்கும் கணக்கு போட்டு, தர்ஷினிக்கும் போட்டிருக்குங்க. யாரும் சொல்லாமயே. பயிற்சித் தாள் குடுத்தா ஒன்னே எழுத மாட்டேங்குதுங்க." சிரிப்பு கிளம்பியது. கை தூக்கச் சொன்னார். முதல் கை புஷ்பாவுடையது.

"வகுப்பு இருக்கட்டும்" என்றார், கையைத் தூக்கியபடியே. பிறகு முன் வரிசையைப் பார்த்தார். "ஆனா எவனாவது எவளாவது பரீட்சையில எம்மவளுக்கு எழுதிக் குடுத்தீங்க, ரோத்தான் பெரம்பு எடுத்துக்கிட்டு வந்துடுவேன்."

பெரும்பாலான கைகள் உயர்ந்தன. கணினி அறை விளையாட்டு வகுப்புக்கே என்று முடிவானது; வாரத்தில் ஒரு மதியம் பயிற்சித் தாளுக்கு. சாந்தி என் தோளில் முகம் புதைத்துக்கொண்டார். கறிபாப் ருசியாக இருந்தது என்று நினைக்கிறேன், எத்தனை தின்றேன் என்று கவனிக்கவில்லை.

மறுநாள் ஊருக்குக் கிளம்புமுன் பொம்மையோடு புஷ்பாவின் வீட்டுக்குப் போனோம். பிள்ளைகளில் பாதிப் பேர் எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார்கள். தர்ஷினி மெலிந்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பொம்மையைத் தட்டிவிட்டுத் தலையாடுவதைப் பார்த்துச் சிரித்தாள். சாந்தி தன் போனில் அவள் கொல்லையைத் திறந்து கொடுத்தார். அழப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

அவள் உற்றுப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "நான் வாழதானே போட்டேன்? என் கொல்லையில யாரு இவ்ளோ வெண்டி போட்டது?"

எல்லோரும் லோகாவைப் பார்த்தார்கள். லோகா கூரையைப் பார்த்தாள்.

திருச்சிக்கு வந்ததும் கார்த்தியிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் பதறிவிட்டான். "பெரியம்மா, பெரிய ஓட்டை இது. ஒரு பேர்ல வேற யாரும் நுழைய முடியாதபடி பூட்டிடறேன்" என்றான். நீ முதலில் செம்பனையைச் சேர்க்கிற வழியைப் பார் என்றேன்.

அதற்குப் பிறகு அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள், வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று நாட்கள் ஓடின. கணினிக்குள் இருந்த அந்த ஊரை நான் எட்டிப் பார்க்கவே இல்லை. ஒரு மாலை சும்மா இருந்தபோது என் கொல்லை நினைவுக்கு வந்தது. இந்நேரம் முருங்கை காய்ந்து சருகாகியிருக்கும், பிள்ளைகள் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன்.

முருங்கை வேலிக்கு மேலே வளர்ந்து காய்த்துத் தொங்கியது. மண் ஈரமாக இருந்தது. மரத்தைச் சுற்றி, நான் நடாத வெண்டை, வரிசை வரிசையாக.

கடவுச்சொல்லை மாற்றும் பொத்தான் திரையின் ஓரத்தில் இருந்தது. எல்லோர் கண்ணிலும் படும்படி அதை அங்கே வைக்கச் சொன்னவளே நான்தான். இன்றுவரை நான் அதைத் தொடவில்லை.